தவற்றுக்கு விலை தருவது யார்?

சோமனூர், பல்லடம், அவினாசி வட்டாரங்களில் விசைத்தறிகளின் ஓசை ஊரின் மூச்சொலியாகவே மாறிவிட்டது. வாரக் கடைசியில் அவ்வோசைக்கு நடுவே கூலிக் கணக்குப் பார்க்கப்படும். இத்தனை மீட்டர், மீட்டருக்கு இவ்வளவு, ஆக மொத்தம் இவ்வளவு என்று கணக்கு இறங்கி வரும். கடைசி வரியில் ஒரு சொல் காத்திருக்கும். ‘டேமேஜ்’ என்பதே அச்சொல். அதற்கு எதிரே ஒரு தொகை. அத்தொகை கழிந்தது போக எஞ்சியதே அவ்வாரத்து அரிசிக்கும், மருந்துக்கும், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும் உரியது.

இடத்திற்கு இடம் சொல் மாறலாம், செய்தி ஒன்றே. திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் ‘ரிஜெக்ட்’ என்பர். பெட்ரோல் நிலையத்தில் ‘ஷார்ட்’ என்பர். நாமக்கல், சங்ககிரி லாரிகளில் சரக்குக் குறைந்தது என்றும் டயர் வெடித்தது என்றும் ஓட்டுநரின் படியில் கைவைப்பது உண்டு. இவ்வளவு ஏன்? நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளின் கையிலிருந்து மிக்சி ஜாடி நழுவி விழுந்தால், மாதக் கடைசியில் அதன் விலையைக் கழித்துக்கொண்டு சம்பளம் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா? ஆகவே, வேலையில் நேரும் தவற்றுக்கு வேலை செய்பவரே பணம் கட்ட வேண்டுமா என்னும் கேள்வி ஆலை முதலாளிகளுக்கு மட்டும் உரியதன்று. அது நம் வீட்டுச் சமையலறை வரை வருகிறது.

“உடைத்தவன் ஈடு கட்டுவதுதானே நீதி?” என உடனே விடை கூறுவோர் உளர். கடைக்குப் பொருள் வாங்கச் சென்ற நாம் அங்கிருந்த கண்ணாடிக் குவளையைத் தவறவிட்டால் விலை கொடுத்துவிட்டே வருகிறோம். தொழிலாளிக்கு மட்டும் வேறு நீதியா என்பது அவர்கள் வாதம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இவ்வாதத்தில் குறை தெரியாது. ஆனால் குவளை வாங்கச் சென்றவர் ஒரு குவளையைத் தொடுகிறார். அதுவும் தம் தேவைக்காக. அக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணோ நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான குவளைகளை எடுத்துக் காட்டி, துடைத்து, மீண்டும் அடுக்குகிறாள். அதுவும் கடைக்காரரின் ஆதாயத்திற்காக. அத்தனை முறை எடுத்து வைக்கும் கையில் ஒரு முறை தவறு நேர்வது அத்தொழிலோடு பிறந்தது. தவறாத குவளைகளால் வந்த லாபம் அனைத்தும் கடைக்குச் சேரும்போது, தவறிய ஒன்றின் நட்டம் மட்டும் அவள் கணக்கில் ஏறுவது எப்படி? இவ்வொரு கேள்விக்கு மனநிறைவான விடையை நாம் இன்னும் யாரிடமும் கேட்டதில்லை.

தறியில் நடப்பது

துணியில் குறை எவ்வாறு விழுகிறது என்பதைச் சிறிது விரிவாகவே பார்ப்போம். கொங்கு நாட்டில் இக்கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

பாவு நூல் ஒன்று அறுந்து, அதைக் காணாமல் தறி ஓடிக்கொண்டிருந்தால் துணி நெடுகிலும் ஒரு கோடு விழும். ஊடை தப்பினால் குறுக்கே இடைவெளி விழும். நாடா சரியாகப் போய்ச் சேராமல் பாவுக்குள் சிக்கினால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்து, துணியில் ஓட்டையே விழுந்துவிடும். தறிக்கு விட்ட எண்ணெய் தெறித்தால் கறை. மின்சாரம் திடீரென நின்று மீண்டும் வரும்போது, தறி நின்ற இடத்தில் நெசவு அடர்ந்தோ கலைந்தோ ஒரு பட்டை தெரியும். மடிப்பு மேசையில் துணியைப் பிரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு இவையெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும், எல்லாம் ‘டேமேஜ்’தான்.

ஆனால் காரணம் ஒன்றா? பஞ்சு மட்டமாயிருந்தால் நூல் வலுவிழக்கும். பாவுக்கு ஏற்றிய கஞ்சி போதாவிடில் இழைகள் ஒன்றோடொன்று உரசி அறும். கோடைக் காற்றில் ஈரப்பதம் குறைந்தாலும் அறுபடல் மிகும். “பாவுல கஞ்சியே ஏறலீங்க, அறுந்துக்கிட்டே இருக்குதுங்க” என்பார் நெசவாளி. “நூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதானப்பா, உன்ற தறியில மட்டும் ஏன் அறுக்குது?” என்பார் கணக்குப் பார்ப்பவர். இருவரில் எவர் சொல்வது உண்மை என்று சோதித்துப் பார்க்க அங்கே மூன்றாமவர் இல்லை. கணக்கு நோட்டு யார் கையில் உள்ளதோ அவர் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது.

கோவையில் 1956-இல் நிறுவப்பெற்ற தென்னிந்திய நெசவாலை ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிறுவனங்கள் நூல் அறுபடுவதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றன. நூற்பாலைகளில் நூறு கதிர்கள் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை முறை இழை அறுகிறது என்று எண்ணிக் கணக்கிடுவது வழக்கம். இவ்வாறு எண்ணுவதற்குப் பொருள் என்ன? எவ்வளவு தேர்ந்தவர் நின்றாலும் இத்தனை அறுபடல் உண்டு என்பதை அத்தொழிலே ஒப்புக்கொண்டுள்ளது என்பதுதான். அறிவியல் ஒப்புக்கொண்டதைக் கூலிக் கணக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு நெசவாளி ஒரே தறியைப் பார்த்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. நான்கு, ஆறு, சில இடங்களில் எட்டுத் தறிகளுக்கு ஒருவரே பொறுப்பு. முதல் தறியில் தார் தீர்ந்து மாற்றும்போது ஆறாவது தறியில் இழை அறும். அவருக்கு முதுகில் கண் இல்லை. எட்டுத் தறிக்கு ஓர் ஆளை வைத்ததால் மிச்சமான கூலி ஒருவர் கைக்குச் செல்ல, அதனாலேயே நேரும் குறைக்கான தண்டம் மற்றொருவர் கையிலிருந்து பிடுங்கப்படுகிறது!

இவ்விடத்தில் ஜப்பானியர் ஒருவரை நினைவுகூர வேண்டும். சகிச்சி டொயோடா என்னும் அவர் தச்சர் ஒருவரின் மகன். 1896-இல் அவர் அமைத்த விசைத்தறி, ஊடை நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். 1924-இல் அவர் உருவாக்கிய ‘ஜி’ வகைத் தானியங்கித் தறியோ பாவு நூல் அறுந்தாலும் நின்றுவிடும். நெசவாளி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறையுள்ள துணி ஒரு சாண்கூட வளராது. அவருடைய மகன் தொடங்கியதே இன்று உலகறிந்த டொயோட்டா கார் நிறுவனம். அதன் ஆலைகளில், ஓடும் வரிசையில் ஏதேனும் குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவ வேண்டும். கயிற்றை இழுத்தவருக்கு அபராதம் இல்லை. தறியிலிருந்து பிறந்த எண்ணம் காருக்குச் சென்றது. ஆனால் தறிகள் நிறைந்த நம் ஊரிலோ பாவு அறுந்தால் நிற்கும் அமைப்பு இல்லாத சாதாரண விசைத்தறிகள் இன்னும் ஏராளம். இத்தகைய பழைய தறிகளில் நிறுத்தக் கருவி முதலியவற்றைப் பொருத்திக்கொள்ள நடுவண் அரசு சில ஆண்டுகளுக்கு முன் மானியமும் வழங்கியது. நூல் அறுந்தாலும் நிற்காத தறியை வாங்கி வைத்தவர், நூல் அறுந்ததைக் காணவில்லை என்று நெசவாளியைத் தண்டிப்பதில் என்ன நியாயம் உள்ளது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.

அரை அணாவின் வரலாறு

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. பம்பாய் நெசவாலைகளில் ஒரு காலத்தில், பழுதுபட்ட துணியை நெய்தவர் தலையிலேயே கட்டி, அதன் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வர். நெசவாளி அத்துணியை எடுத்துச் சென்று வந்த விலைக்கு விற்றுக்கொள்ள வேண்டும். 1929-இல் விட்லி என்பவர் தலைமையில் அமைந்து, 1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷன், அபராதங்களையும் பிடித்தங்களையும் ஆராய்ந்து, சட்டம் தேவை எனப் பரிந்துரைத்தது. அதன் விளைவே 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம்.

அச்சட்டம் அபராதத்திற்கு வரம்பு கட்டியது: ஊதியத்தில் ரூபாய்க்கு அரை அணா. அணாக் கணக்கு மறைந்தபின் அது ரூபாய்க்கு மூன்று காசாகி, பின்னர் மூன்று விழுக்காடாயிற்று. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வளவு மாறவில்லை. மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாகப் பெறுவோர்க்கே தொடக்கத்தில் அச்சட்டம் பொருந்தியது. 2017-இல் அவ்வரம்பு 24,000 ரூபாயாக இருந்தது. 2019-இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றதோடு அந்த ஊதிய வரம்பையும் நீக்கிவிட்டது.

சட்டம் கூறுவதைத் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். ஓர் ஊதியக் காலத்தில் விதிக்கும் அபராதம், அக்கால ஊதியத்தில் மூன்று விழுக்காட்டைத் தாண்டலாகாது. வாரம் 4,000 ரூபாய் பெறுபவருக்கு அது 120 ரூபாய். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் உண்டு என்பதை அரசின் ஒப்புதல் பெற்று முன்னரே அறிவித்திருக்க வேண்டும். அபராதத்தைத் தவணை முறையில் பிடிக்கலாகாது. தொண்ணூறு நாள் கடந்தபின்னும் பிடிக்கலாகாது. பிடித்த பணம் முதலாளியின் பைக்குச் செல்லலாகாது என்பது பலர் அறியாத செய்தி. அதைத் தனிப் பதிவேட்டில் எழுதி, தொழிலாளரின் நலனுக்கே செலவிட வேண்டும். தொகுப்பு நம் கைக்கு வந்துவிட்டது. அப்பதிவேட்டைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்காமல் விடுகிறோம்.

அபராதம் வேறு, இழப்பீடு வேறு. பொருள் பழுதுபட்டாலோ தொலைந்தாலோ, கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்தாலோ பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்பொருள் வெளிப்படையாக அவர் காவலில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேராக அவருடைய கவனக்குறைவாலோ தவற்றாலோ வந்திருக்க வேண்டும். உண்மையான இழப்புக்கு மேல் ஒரு காசும் பிடிக்கலாகாது. அனைத்துக்கும் முன்னதாக, அவர் தரப்பு விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்தாலும் ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது. தறியில் ஓடிக்கொண்டிருக்கும் துணியை ‘காவலில் ஒப்படைத்த பொருள்’ எனக் கொள்ளலாமா என்பது வழக்குரைஞர்கள் வாதிட வேண்டியது. காவல் வேறு, உழைப்பு வேறு என்பதே நம் கருத்து. பூட்டிய அறையின் சாவியை வாங்கிக்கொண்டவரும், பிறர் தந்த நூலைப் பிறர் தந்த தறியில் பிறர் குறித்த வேகத்தில் நெய்பவரும் ஒன்றாகார்.

முறையற்ற பிடித்தம் நேர்ந்தால் மூன்றாண்டுகளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். பிடித்தது முறையே என்று மெய்ப்பிக்கும் சுமையும் முதலாளியையே சாரும். இருந்தும் முறையிடுவோர் சிலரே. முறையிட்டவருக்கு மறுவாரம் தறி இராது என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

யாக்கோபின் கணக்கு

நம் மறைநூலில் இவ்வழக்கு மிகப் பழையது. யாக்கோபு தன் மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் வேலை செய்தார். பிரியும் வேளையில் அவர் பேசிய சொற்களை ஆதியாகமம் 31-ஆம் அதிகாரத்தில் படிக்கும்போது, நம் காலத்துக் கூலிக்காரர் ஒருவர் பேசுவது போலவே உள்ளது. காட்டு விலங்கு பீறிய ஆட்டை மாமனிடம் கொண்டுவரவில்லையாம். அந்த நட்டத்தைத் தாமே ஏற்றாராம். பகலில் களவு போனதற்கும் இரவில் களவு போனதற்கும் லாபான் அவரிடமே கணக்குக் கேட்டானாம். பகலில் வெயிலும் இரவில் குளிரும் அவரை வாட்டினவாம். கூலியையும் பத்து முறை மாற்றினானாம். உறவுக்காரரிடம் வேலை செய்வதன் துயரம் அன்றும் அப்படித்தான் இருந்தது போலும்!

இதற்கு மாறாக யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் தரும் சட்டத்தைப் பாருங்கள். பிறர் ஆட்டையோ மாட்டையோ காக்க ஏற்றவர் கையிலிருந்து அது களவு போனால் ஈடு கட்ட வேண்டும். காவல் அவர் பொறுப்பு அன்றோ? ஆனால் விலங்கு பீறியிருந்தால் எஞ்சியதைச் சான்றாகக் கொண்டுவந்து காட்டினால் போதும். ஈடு கட்ட வேண்டியதில்லை. கூலிக்கு எடுத்த விலங்கு கெட்டால் அந்நட்டம் கொடுத்த கூலியிலேயே அடங்கிவிட்டது என்றும் அதே பகுதி கூறுகிறது. தடுக்கக் கூடியது எது, தடுக்க இயலாதது எது, விலையில் முன்னரே சேர்ந்துவிட்ட நட்டம் எது என்னும் மூன்று வேறுபாடுகளும் அச்சில வரிகளில் உள்ளன. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் விடுத்த ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், வலிமையாலோ வஞ்சகத்தாலோ தொழிலாளியின் ஊதியத்தைக் குறைப்பது முதலாளிக்குத் தகாது என்று எழுதியபோது, ஏழையின் கையிருப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு அது புனிதமாகக் கருதப்பட வேண்டும் என்ற காரணத்தையும் சேர்த்தே கூறினார்.

பணத்தைக் கையாள்வோர் வழக்கில் நாம் சற்று வேறு முடிவுக்கு வருகிறோம். வங்கியின் காசாளர் மாலையில் பெட்டியை எண்ணும்போது 500 ரூபாய் குறைந்தால் அவரே அதை ஈடு செய்வது வழக்கம். கடுமையாகத் தோன்றினாலும், அப்பொறுப்பை ஏற்பதற்கென அவருக்குத் தனிப்படி உண்டு. பெட்டியின் சாவியும் அவர் கையில்தான். இடர்ப்பாட்டுக்கு முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டார்கள். ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் சாலையிலும் பண்டிகைக் கூட்டத்தில் நின்று பணம் வாங்கிப் போடும் பிள்ளைகளுக்கு அத்தகைய தனிப்படி தரும் கடைகள் எத்தனை? ஒரே பெட்டியில் மூன்று பேர் கையிட்டுவிட்டு, குறைந்ததை மூவர் சம்பளத்திலும் பங்கிட்டுப் பிடிப்பதும் உண்டு. களவு செய்யாதவரும் கள்ளரோடு சேர்த்து எண்ணப்படுகிறார். இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சில்லறைக் கடை ஊழியர்களிடம் கல்லாக் குறைவுக்காகப் பிடிக்கும் தொகை மொத்த ஊதியத்தில் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது.

இங்கிலாந்தைப் பற்றிப் பேசும்போது, தந்தையும் மகனும் ஒரே லாரியில் வேலை பார்த்த லிஸ்டர் குடும்பத்து வழக்கைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1949-இல் ராம்ஃபோர்டு என்னும் ஊரில், மகன் லாரியைப் பின்னோக்கி ஓட்டியபோது, உதவியாளராக வந்த தந்தையின்மீதே மோதிவிட்டான். தந்தைக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டுமென நீதிமன்றம் தீர்த்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தது. அத்துடன் முடிந்ததா? இல்லை. காப்பீட்டு நிறுவனம், முதலாளியின் பெயரால் அம்மகன்மீதே வழக்குத் தொடுத்து, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டது! 1957-இல் பிரபுக்கள் சபை, நீதிபதிகள் மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, மகன் கொடுக்க வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. கவனத்தோடு வேலை செய்வதாகத் தொழிலாளி தந்த வாக்கு மீறப்பட்டது என்பது காரணம். சட்டப்படி சரியான அத்தீர்ப்பைக் கண்டு ஊரே திகைத்தது. காப்பீட்டு நிறுவனங்களே பின்னர் கூடி, வஞ்சகமோ வேண்டுமென்றே செய்த குற்றமோ இல்லாதவிடத்து ஊழியர்மீது இவ்வாறு பாய்வதில்லை எனத் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டன. ஆஸ்திரேலியா 1984-இல் சட்டமியற்றியே அதைத் தடுத்தது.

ஜெர்மானியத் தொழில் நீதிமன்றங்கள் மேற்கொண்ட வழி நமக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சிறு கவனக்குறைவு என்றால் தொழிலாளி ஒன்றும் தர வேண்டியதில்லை. நடுத்தரமான கவனக்குறைவு என்றால் இருவரும் பங்கிட்டுக்கொள்வர். அப்போதும் அவர் ஊதியம் எவ்வளவு, வேலை எவ்வளவு இடர் மிகுந்தது, முதலாளி காப்பீடு செய்திருக்கக் கூடுமா என்பனவெல்லாம் எடைபோடப்படும். பெருங் கவனக்குறைவோ வேண்டுமென்றே செய்ததோ என்றால் மட்டும் முழுச் சுமையும் பொதுவாக அவர்மீது விழும். குடித்துவிட்டு லாரி ஓட்டியவரையும், இரண்டு இரவு உறங்க விடாமல் ஓட்டச் சொன்னதால் கண்ணயர்ந்தவரையும் ஒரே தராசில் நிறுக்காத முறை அது.

“இப்படியெல்லாம் இரக்கம் காட்டினால் பொறுப்பு என்பதே போய்விடுமே” என்று தொழில் நடத்துவோர் கேட்பதை நாம் ஒதுக்கிவிடவில்லை. வேலையில் கருத்தில்லாதவர்களும் உண்டுதான். அவர்களை எச்சரிக்கலாம், மீண்டும் பயிற்சி தரலாம், வேறு வேலைக்கு மாற்றலாம், திருந்தாதவரை முறைப்படி விலக்கவும் சட்டம் வழி வைத்துள்ளது. ஆனால் பணத்தைப் பிடிப்பதால் கருத்து வளர்கிறதா? வளர்வது மறைக்கும் திறமையே என்று தோன்றுகிறது. டேமேஜுக்குக் கூலி போகும் என்று அறிந்தவர், விழுந்த ஓட்டையை உள்மடிப்பில் வைத்து மடிக்கக் கற்றுக்கொள்வார். அது சாயப்பட்டறை சென்று, வெட்டு மேசை சென்று, தைத்து முடிந்து, கப்பலேறும் நேரத்தில் வெளிப்படும். தறியிலேயே சொல்லியிருந்தால் ஒரு மீட்டரோடு போயிருக்கும். இதை நன்கு உணர்ந்தவர்கள் விமானத் துறையினர். அமெரிக்காவில் 1976 முதல், விமானிகள் தாம் அறியாது செய்த தவறுகளை ‘நாசா’ நடத்தும் ஓர் அமைப்புக்கு எழுதி அனுப்பலாம். எழுதியவர் யார் என்பது மறைக்கப்படும். தண்டனையிலிருந்தும் பெரும்பாலும் விலக்குப் பெறுவர். நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து பறப்பவருக்கே அபராதத்தைவிட உண்மை பேசும் துணிவுதான் தேவை எனக் கண்டார்கள்.

கூலிக்கு நெய்பவர் நிலை

இதுவரை கூறியதெல்லாம் ஊழியர் எனப் பெயர் பெற்றவர்க்கு. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் நான்கு தறியோ எட்டுத் தறியோ சொந்தமாக வைத்துக்கொண்டு, ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து தருவோர் பல்லாயிரவர். கணவனும் மனைவியும் தாமே தறி ஓட்டுவர். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவர் தொழிலாளி அல்லர்; ஒரு சிறு முதலாளி. எனவே மூன்று விழுக்காட்டு வரம்பும் பாதி ஊதிய வரம்பும் அவரைக் காப்பதில்லை. உற்பத்தியாளர் பிடித்ததே பிடித்தம். அவர் தம்மிடம் வேலை பார்ப்பவரிடம் அதைக் கைமாற்றுகிறார். மேலே வெளிநாட்டு வணிகர் உற்பத்தியாளரிடம் பிடிக்கிறார். ஏணியின் கடைசிப் படியில் நிற்பவருக்கு மட்டுமே கைமாற்ற ஆளில்லை.

அவருக்கும் முற்றிலும் துணையில்லாமல் இல்லை. பிறர் தந்த நூலை நெய்து திருப்பித் தருவது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஒப்படைப்பு ஆகும். சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு காப்பாரோ அவ்வளவு கவனம் காட்டினால் போதும். தனி ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அதற்கு மேலும் நேர்ந்த பழுதுக்கு அவர் பொறுப்பாளி அல்லர் என 151, 152-ஆம் பிரிவுகள் கூறுகின்றன. ஒப்பந்தத்தில் தண்டத்தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான ஈட்டையே பெறலாம் என்கிறது 74-ஆம் பிரிவு. ஆயினும் சில ஆயிரம் ரூபாய்க்காக நீதிமன்றப் படியேறி, அடுத்த பாவையும் இழக்க எவர் துணிவார்?

வீட்டு வேலைக்கு வருவோர்க்கும் இச்சட்டங்களின் கை எளிதில் எட்டுவதில்லை. அங்கே சட்டம் நாம்தான். மிக்சி ஜாடி ஐந்தாண்டு உழைத்தது. எப்படியும் ஒரு நாள் உடைய வேண்டியது. அது நம் மகள் கையில் உடைந்தால் “பார்த்துச் செய்யக் கூடாதா, கண்ணு?” என்கிறோம். அவ்வம்மாள் கையில் உடைந்தால் மட்டும் புது ஜாடியின் விலையை ஏன் கேட்கிறோம்?

விசைத்தறிக் கூலி குறித்துச் சங்கங்களும் உற்பத்தியாளரும் அரசு அலுவலர் முன்னிலையில் பலமுறை பேசி உடன்பாடு கண்டுள்ளனர். உடன்பாடு கண்ட கூலி வரவில்லை என்று 2022-இல் பல நாள் தறிகளும் நின்றன. அப்பேச்சுகள் பெரும்பாலும் மீட்டருக்கு எவ்வளவு என்பதையே சுற்றிவருகின்றன. அதற்குக் கீழே இன்னொரு வரிக்கும் அத்தாளில் இடமுண்டு. எந்தெந்தக் குறை நெசவாளியைச் சேரும், எது நூலையும் கஞ்சியையும் மின்தடையையும் சேரும் என்று அதில் பிரித்து எழுதலாம். நூறு மீட்டருக்கு இத்தனை குறை வரை கணக்கில் எடுப்பதில்லை என்று எழுதலாம். துணியைப் பிரித்துப் பார்க்கும்போது நெய்தவரும் உடனிருக்க வேண்டும் என்று எழுதலாம். பழுதுபட்ட துணி யாருக்கு உரியது என்பதையும் எழுதியாக வேண்டும். முழு விலையைப் பிடித்துக்கொண்டு, அதே துணியைச் ‘செகண்ட்ஸ்’ என்று சந்தையில் விற்றுவிடுபவர், ஒரே துணிக்கு இரண்டு முறை பணம் பெறுகிறார். நல்ல துணியின் விலைக்கும் செகண்ட்ஸ் விலைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அவருடைய நட்டம். அதற்கு மேல் பிடிப்பதானால் துணியை நெய்தவரிடமே கொடுத்துவிட வேண்டும். திருப்பூர் காதர்பேட்டைக்கு அவரும் வழி அறிவார்.